‘பனை’ எழுதிப் பார்த்த கதை

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, மனதுக்குப் பிடிக்கும்வரை அதைக் கையால் எழுதிப் பார்ப்பது என் பழக்கம். பகல் முழுக்கக் கணினியில் செய்வதும் வடிவமைப்பு வேலைதான். ஆனால் இதற்குக் கெடுவும் இல்லை, கேட்டு வாங்குகிறவரும் இல்லை. இந்த முறை எடுத்த சொல் ‘பனை’.

முதலில் தட்டை முனைப் பேனா: பைலட் பேரலல் என்ற பேனா, 6 மி.மீ. நிப். ‘ப’ அதில் அழகாக விழுந்தது. மூன்று நேர்க்கோடுகள்தானே, நிமிர்ந்த கோடுகள் தடித்தும் படுத்த கோடு மெலிந்தும் தானாகவே வந்துவிடுகின்றன. ரெண்டு சுழி ‘ன’வுக்குப் போனதும் சுழியின் உள்ளே இருக்கும் வெற்றிடம் மையில் அடைத்துக்கொண்டது. யோசித்தால் காரணம் புரிகிறது. ரோமன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் அந்தப் பேனாவைச் சாய்த்துப் பிடித்ததிலிருந்து பிறந்தவை. நம் எழுத்து எழுத்தாணியில் வளர்ந்தது. கீறல் எங்கும் ஒரே கனம். அதனால் தமிழில் எந்த இடம் தடிக்க வேண்டும் என்பதைப் பேனா முடிவு செய்யாது, எழுதுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். பின்ட்ரஸ்ட்டில் பார்க்கும் அலங்கார எழுத்துகளை அப்படியே தமிழுக்குப் போர்த்தினால் ஒட்டாமல் நிற்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

சரி, ஓலையிலேயே எழுதிப் பார்ப்போம் என்று எழுதுவதற்காகப் பாடம் செய்த, அதாவது பதப்படுத்திய, பனையோலை கொஞ்சம் வாங்கினேன். பேனா பிடிக்கிற பிடி இங்கே உதவாது. இடது கையில் ஓலை, அதே கைக் கட்டைவிரலின் மேல் எழுத்தாணி சாய்ந்து நிற்க வேண்டும். வலது கை அழுத்த, இடது கை ஓலையை மெதுவாக நகர்த்திக் கொடுக்கும். ஓலையின் நரம்பு நீளவாக்கில் ஓடுகிறது. ‘ப’வின் அடிக்கோட்டை அதே திசையில் இழுத்தால் முனை நரம்போடு வழுக்கிக்கொண்டு போகிறது, கொஞ்சம் அழுத்தினால் இழை பிளக்கிறது. அடிக்கோட்டை லேசாக வளைத்தேன், நின்றது. எழுதி முடித்தபோது கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துணியால் துடைத்ததும், கீறலில் மட்டும் கருப்பு தங்கி எழுத்து எழுந்து வந்தது. அந்த ‘ப’, அடி வளைந்த ‘ப’, அதைத்தான் கடைசி வரை வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ‘னை’. இன்றைய வடிவில் எழுதினால் இடதுபக்கம் ‘ப’ வெறும் பெட்டியாக நிற்கிறது. வலதுபக்கம் சங்கிலிக் கொம்பின் (‘ை’) சுழிகளும் ‘ன’வின் சுழிகளும் நெருக்கியடிக்கின்றன. சொல் வலப்பக்கம் சாய்கிறது. பழைய வடிவில், தும்பிக்கைபோல் வளைந்து ‘ன’வோடு ஒட்டி நிற்கும் ‘னை’யில், இந்தச் சிக்கலே இல்லை. பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் கொண்டுவந்த சீர்திருத்தம் 1978-ல் தமிழ்நாட்டு அரசாணையானது. மாறிய பதின்மூன்று எழுத்துகளில் ‘னை’யும் ஒன்று. அச்சுக் கோப்பதற்கும் தட்டச்சுக்கும் அது பெரிய நிம்மதி, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஒற்றைச் சொல்லைப் படமாக எழுதும்போது பழைய வடிவத்துக்கு உரிமை உண்டு என்பது என் கட்சி. அம்மா பார்த்தவுடன் வாசித்தாள். அக்கா மகள் ஒரு கணம் தயங்கி, ‘ப’வை வைத்துப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. எழுத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு வாசிக்கிறாள்.

பனை என்று எழுதிவிட்டு மேலே மட்டை முளைப்பதுபோல் வரைவது எளிது. நானும் பென்சிலில் போட்டுப் பார்த்து அழித்துவிட்டேன். படமே எல்லாம் சொல்லிவிட்டால் எழுத்துக்கு அங்கே என்ன வேலை? ஓவியர் ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்குத் தூரிகையால் எழுதிய தலைப்புகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். கோட்டோவியம் போடுகிற அதே கைதான் அங்கே எழுத்தையும் போடுகிறது. தூரிகை காய்ந்து இழை பிரியும் இடத்தைக்கூட அவர் மூடி மறைப்பதில்லை. அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டேன்: மையைக் குறைத்துத் தட்டைத் தூரிகையால் ‘ப’வின் இடக்கோட்டை மேலிருந்து கீழே நிறுத்தி நிறுத்தி இழுத்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு வளையம் விழுந்தது. மட்டை உதிர்ந்த பனந்தண்டில் இருக்குமே, அதே வளையம். மரம் வந்துவிட்டது, மரம் வரையாமலே.

வளைவுக்குத் தூரிகையை விரல்களுக்கிடையில் உருட்ட வேண்டும். சுவரில் விளம்பரம் எழுதுகிறவர்கள் மணிக்கட்டை அசைக்காமல் இதைச் செய்வார்கள். எனக்குச் சுழியின் உச்சியில் இன்னும் தட்டுகிறது.

ஸ்கேன் செய்து, இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் தானியங்கியாக டிரேஸ் (கோட்டு நகல்) எடுத்தால் வளையங்களை வழித்துவிடுகிறது. அதனால் கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளிகளைக் கையாலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன். தாளில் சொல் அடியில் இருக்கும், மேலே முழுக்க வெற்றிடம். பின்னணிக்குத் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலின் சிவப்பு, எழுத்துக்குக் கருப்பு. ஸ்கிரீன் பிரிண்டிங்கில் இரண்டே வண்ணம் போதும்.

அடுத்து ‘வடலி’ (இளம்பனை) எழுத எண்ணம். ‘ட’வின் மூலையை ஓலை எப்படித் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.