இடது பாதம், அரை விரற்கடை

ஜூன் 3, செவ்வாய்

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல், அதாவது காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் குறி சுடும் பயிற்சி, ஐந்தாவது வாரம். இருபது பெல்லட் குண்டில் பதினான்கு இடப்பக்கமே போய் விழுந்தன. வழக்கம்போல் விசை விரல்மேல் பழியைப் போட்டேன். பாவம், ஒரு மாதமாக ஏச்சு வாங்குகிறது.

ஜூன் 5, வியாழன்

கோச் என்னைவிடப் பத்து வயது இளையவர். "அக்கா, விரலை விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கள்" என்றார். குண்டு போடாத துப்பாக்கிதான். இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறந்தேன். முன்சைட், குழல் நுனியில் இருக்கும் குறிமுள், குறி அட்டையில்கூட இல்லை. இடது ஓரத்தைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை வலப்பக்கம் இழுக்கப் போனேன்.

"கையைத் தொடாதீர்கள். காலை மாற்றுங்கள்."

வலது தோள் அட்டைப் பக்கம், நெஞ்சு பக்கவாட்டில். வலது பாதம் அப்படியே இருக்க, இடது பாதத்தை நெஞ்சு பார்க்கும் திசையில் அரை விரற்கடை நகர்த்தினேன். மறுபடி கண்ணை மூடித் திறந்தால், கறுப்பு வட்டத்துக்கு நேர் கீழே வந்து நிற்கிறது! இத்தனை நாளும் தோளால் இழுத்துப் பிடித்திருக்கிறேன். விசை விழும் நொடியில் தோள் தளர, கை தன் இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் கணக்குப் போட்டேன். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. துப்பாக்கியின் கோணம் மாறாமல் கை அப்படியே 3 மி.மீ. நகர்ந்தால் அட்டையிலும் 3 மி.மீ.தான், பத்து கிடைத்துவிடும். முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே சுமார் 36 செ.மீ. முன்சைட் மட்டும் 1 மி.மீ. விலகினால் அட்டையில் ஏறக்குறைய 28 மி.மீ. அதாவது ஏழு புள்ளிதான். கை ஆடுவதற்கு அழ வேண்டாம். மணிக்கட்டு மடங்கினால் அழலாம்.

மாலையில் அக்கா மகன் வந்தான். "சித்தி, பாரிஸில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் மாதிரி பையில் கைவிட்டுக்கொண்டா சுடுகிறீர்கள்?" யூசுஃப் டிகேச்சைச் சொல்கிறான். 2024இல் உலகமே அதை அலட்சியம் என்று ரசித்தது. தொங்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும். பையிலோ பெல்ட்டிலோ செருகிக்கொள்வது இங்கே சாதாரணம். இரண்டு கையாலும் பிடித்தால் என்ன என்றான். எங்கள் போட்டியில் விதி ஒரு கைதான். வலக்கை தள்ள, இடக்கை இழுக்க நிற்கும் வீவர் நிலை, லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரக் காவலர் ஜாக் வீவரின் பெயரில் வந்தது. அங்கே சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதை அடக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் உதை ஏது?

ஜூன் 15, ஞாயிறு

இருபதில் இடப்பக்கம் நான்குதான். பாதங்களைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதே கோட்டுக்குள் நின்றேன். முதல் குண்டே எட்டு, இடப்பக்கம். பாதம் கோட்டில் இருந்தது, இடுப்பு திரும்பியிருந்தது. கோச் ஈரத்துணியால் கோட்டை அழித்துவிட்டு, "கண்ணை மூடுங்கள் அக்கா" என்றார்.