சுவீகாரப் பத்திரம்

மே 4, 2025

அப்பாவுக்கு வாரிசுச் சான்றிதழ் எடுக்கணும். இ-சேவை மையத்தில் கேட்ட காகிதங்களுக்காக பீரோவைக் குடைந்தபோது, வீட்டுப் பத்திரத்துக்கு அடியில் பழுப்பேறிய முத்திரைத்தாளில் ஒரு சுவீகாரப் பத்திரம். 1999. கொடுப்பவர் சோழவந்தான் அத்தையும் மாமாவும், பெறுபவர் அப்பா. கொடுக்கப்பட்ட ஏழு மாதப் பெண் குழந்தையின் பெயர் என் பெயர். எல்லாப் பக்கத்திலும் அத்தையின் பெருவிரல் ரேகை.

மே 5

அம்மாவிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்கப்பா சொல்லிரலாம்னுதான் இருந்தாரு, நான்தான் விடலை" என்றாள். அம்மாவுக்குக் கரு தங்கவே இல்லையாம். அத்தை உண்டாகியிருந்தபோது, பொண்ணாப் பிறந்தா உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வளர்த்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, அதில் மாற்றுப் பேச்சே கிடையாது. ஆனால் வேறொன்று மனசைப் போட்டு அறுக்கிறது. விசேஷ வீடுகளில் அத்தை மகனை என் முறைமாப்பிள்ளை என்று யாராவது கேலி செய்தால் அம்மா முகம் இறுகிவிடும். போன வருஷம் பெரிய தாத்தா, சொந்தத்திலேயே முடிச்சிரலாம் என்று பேச்செடுத்தபோது அப்பா சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனார், அப்புறம் சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்கு ஆகாது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தார்கள். கூடப் பிறந்தவருக்கே என்னைப் பேசியிருக்கிறார்கள்! விஷயம் தெரிந்தவர்கள் அந்த நேரத்தில் உயிரோடு இல்லாமல் போயிருந்தால் யார் தடுத்திருப்பார்கள்?

மே 9

பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு பேச்சு வந்தது, பெத்த பிள்ளை இல்லையே, வாரிசில் எப்படி வரும் என்று. தெரிந்த வக்கீலிடம் போனேன். 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, முறையாகக் கொடுத்து எடுத்த நாளிலிருந்து நான் இந்த வீட்டுப் பிள்ளைதான், சொத்துரிமை உட்பட. எடுத்தவர்கள் ரத்து செய்யவும் முடியாது, நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகவும் முடியாது. இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டுப் பதிந்த பத்திரம் என்பதால், தப்பு என்று யாராவது நிரூபிக்கும் வரை கோர்ட் அதைச் செல்லும் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பிறந்த வீட்டு உறவு சட்டத்தில் அறுந்துவிடுகிறது, ஆனால் அங்கே யாரைக் கட்டக் கூடாதோ அந்தத் தடை மட்டும் அறுவதில்லை. சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பதை வீட்டில் எனக்குச் சொல்லாமல் எப்படி விட்டார்கள்?

மே 11

சோழவந்தான் போனேன். அத்தை என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார், அம்மா போனில் சொல்லியிருக்க வேண்டும். "பால் குடுத்தது ஏழு மாசமும் நான்தான் தாயி. தூக்கிக் குடுத்தப்புறம் மார்ல பால் கட்டி ஒரு வாரம் காய்ச்சல்ல கிடந்தேன்." ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கத்தான் போனேன், அதைக் கேட்டபிறகு வாய் வரவில்லை. ஆனால் ஒன்றை விடாமல் சொன்னேன்: உங்க மகனுக்கு இந்த வாரத்துக்குள்ள நீங்களே சொல்லணும், இல்லைன்னா நான் சொல்லுவேன்.

மே 15

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். பத்திர நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, மனைவி, மகள் என்று எழுதிக்கொண்டார்.

ராத்திரி அத்தை மகன் போன் பண்ணினார். சின்ன வயதில் வீட்டில் ஒரு பாப்பாவுக்குத் தொட்டில் ஆட்டின ஞாபகம் அவருக்கு உண்டாம், கேட்டபோதெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்றார்களாம். ஞாயிற்றுக்கிழமை பத்திரத்தைப் பார்க்க வருகிறார். அவர் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. அவளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.