ஞாயிற்றுக்கிழமை உழவாரம்

செப்டம்பர் 24, 2024, செவ்வாய்

மறுபடியும் மூன்று மணிக்கு விழிப்பு. கண் திறக்கும்போதே மனசு கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவளுக்குக் கனவிலும் குத்துவிளக்குதான், அதுவும் எடை போட்டபடி. பித்தளை இத்தனை கிலோ, வெண்கலம் இத்தனை, யாருக்கு எவ்வளவு பாக்கி. பகலில் செய்தால் சம்பளம் உண்டு. ராத்திரியில் செய்வதற்கு என்ன இருக்கிறது?

போன மாதம் பையன் பெங்களூரிலிருந்து வந்தபோது என் போனில் தியானச் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். ஒரு பெண் குரல் கொஞ்சிக் கொஞ்சி “மூச்சைக் கவனியுங்கள்” என்கிறது. கவனிக்க ஆரம்பித்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. பதினொரு நாள் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் மாடி வீட்டு சாரிடம் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்) இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் சிரிக்கவில்லை. “உட்கார்ந்தா அடங்கலைன்னா உட்காராதேம்மா. ஞாயித்துக்கிழமை எங்களோட களை பிடுங்க வா” என்றார். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாராவாரம் ஏதாவது ஒரு பழைய சிவன் கோயிலுக்கு உழவாரப்பணிக்கு, அதாவது புல் செதுக்கிச் சுத்தம் செய்கிற தொண்டுக்கு, போகிறார்களாம். எனக்குப் பக்தி கொஞ்சம் கம்மிதான். சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கால் இரண்டும் கழன்று விழுவதுபோல் இருக்கிறது. இதை எழுதிவிட்டுப் படுக்க வேண்டும்.

காலை ஆறு மணிக்கு ஒரு டாட்டா ஏஸில் பதினான்கு பேர் கிளம்பினோம். குடமுருட்டிக் கரையோரம் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். ஒரு கால பூஜை மட்டும் நடக்கிற சின்னக் கோயில், ஆனால் பிரகாரம் பெரிது. முழங்கால் உயரத்துக்குப் புதர். நாயுருவி, பார்த்தீனியம், நெருஞ்சி, ஓரமெல்லாம் கோரை. ஆளுக்கொரு களைக்கொத்தைக் கொடுத்து, நந்திக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்தை எனக்கு ஒதுக்கினார்கள்.

கோரையைப் பிடுங்கியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இழுத்தால் புல் சுலபமாகக் கையோடு வந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். கொத்தை ஒருச்சாய்த்துக் குத்தி, மண்ணைப் புரட்டி, கறுப்பாக இருக்கிற அந்தக் கிழங்கைப் பொறுக்க வேண்டும். விட்டால் பத்தாவது நாள் மறுபடியும் புல். நான் பொறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால் மணி பத்தரை. இடையில் என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பாக்கிக்காரர்கள் ஒருவர்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சந்தோஷம் பதினொரு மணி வரைக்கும்தான். குருக்கள் பூக்கூடையோடு வந்தார். நந்திக்குப் பின்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

“இங்க இருந்த தும்பை எங்கே?”

நான் பெருமையோடு குவித்து வைத்திருந்த குப்பையைக் காட்டினேன். அதில் நாயுருவிக்கு நடுவே, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசாக வெள்ளை வெள்ளையாகத் தும்பைப் பூ.

“தினம் அதைத்தானே பறிச்சு சுவாமிக்குச் சாத்தறேன். அதையும் சேர்த்துப் பிடுங்கிட்டேளே!”

வாங்கிப் போட்ட பூ இல்லை அந்தக் கோயிலுக்கு. எருக்கும் தும்பையும் சிவனுக்கு ஆகிற பூ, இரண்டும் காசில்லாமல் முளைப்பவை. எனக்கு முகமே இல்லை. சார் மட்டும் “முதல் நாள் எல்லாரும் எதையாவது பிடுங்குவோம். நான் வில்வக் கன்றைப் பிடுங்கினவன்” என்றார்.

ராத்திரி மணி ஒன்பது. தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது.

அக்டோபர் 2, புதன்

நேற்று மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. இந்த முறை கணக்கு வரவில்லை, தும்பை வந்தது. அது முன்னேற்றமா என்று தெரியவில்லை.

காந்தி ஜெயந்தி, கடை விடுமுறை. உழவாரம் பிடித்த அப்பரைப் பற்றிச் சாரிடம் கேட்டேன். பள்ளியில் படித்ததுதான், தேர்வோடு போனது. திருவாமூரில் மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத் துறவியாகித் தருமசேனர் என்று பெயர் பெற்று, சூலை நோய் வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவைத் தேடித் திருவதிகைக்கு வந்த மனிதர். நான் மறந்திருந்தது அக்காவைத்தான். திலகவதியார் அந்தக் கோயிலில் விடிவதற்கு முன் பெருக்கி, சாணமிட்டு மெழுகி, பூத் தொடுத்துக்கொண்டு இருந்தவர். தம்பி பாட்டெழுதிப் பெயர் வாங்குவதற்கு எவ்வளவோ முன்பே அக்கா துடைப்பத்தை எடுத்துவிட்டார். உழவாரப்பணிக்கு எல்லாரும் அப்பர் பெயரைத்தான் சொல்கிறோம். என்னைக் கேட்டால் அக்கா பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருவாரூரில் அப்பர் தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பாடிய தாண்டகம் ஒன்றையும் சார் சொன்னார். நிலைபெற வேண்டும் என்று நினைத்தால் வா நெஞ்சே என்று அழைத்து, செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகச் சொல்கிறார். தினமும் கோயிலுக்குள் போ. விடிவதற்கு முன் பெருக்கு. மெழுகு. பூமாலை கட்டு. அதற்கப்புறம்தான் பாட்டும் கும்பிடும் கூத்தும். “மனசுக்கு நிம்மதி வேணும்னு கேக்கிற நெஞ்சுக்கிட்ட முதல்ல துடைப்பத்தைக் கொடுக்கிறார் பாரு” என்றார் சார். அந்தச் செயலிப் பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

அக்டோபர் 13, ஞாயிறு

போன வாரம் வர முடியவில்லை, நவராத்திரி வியாபாரம். இன்று பெரிய கோயில், தேவாரப் பாடல் பெற்ற தலம். புல் இல்லை, பிசுக்கு. கருங்கல்லில் வருஷக் கணக்கில் விளக்குகளின் எண்ணெய் இறங்கி, அதன்மேல் தூசி படிந்து, தொட்டால் விரல் ஒட்டுகிறது.

கம்பிப் பிரஷ் கூடாது, அமிலம் கூடவே கூடாது என்பது இவர்கள் சட்டம். பச்சரிசி மாவை உலர்ந்தபடியே பூசி, எண்ணெய் ஊறும்வரை விட்டு, தேங்காய் நாரால் தேய்த்து எடுக்க வேண்டும். மாவு கன்னங்கரேலென்று உருண்டு உருண்டு வரும். அப்புறம் சீயக்காய், அப்புறம் தண்ணீர். கடையில் பித்தளை துலக்குவதைப் பார்த்தவள் என்பதால் எனக்கு இது கை வந்துவிட்டது.

நால்வர் சிலைகளைத் துடைக்கும் வேலை எனக்கு. சம்பந்தர் சின்னப் பிள்ளை, சீக்கிரம் முடிந்தது. அப்பர் மழித்த தலையோடு, கை கூப்பி, புல் செதுக்குகிற உழவாரப்படையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். அந்தப் படையின் நுனிக்கும் தோளுக்கும் இடையில் ஒரு விரல்கூட நுழையாத சந்து. பழைய மாலையின் நார், விபூதி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து அங்கே கல்லோடு கல்லாக இருந்தது. ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றி முக்கால் மணி நேரம் குடைந்தேன். கடைசியில் அந்தச் சந்து வழியே வெளிச்சம் தெரிந்தது. ஊரெல்லாம் சுத்தம் செய்தவரின் ஆயுதத்தில் இவ்வளவு அழுக்கு.

கும்பிடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்றைய விஷயத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வேலை முடிந்து குழுவில் படங்கள் வந்தன, முன், பின் என்று ஜோடி ஜோடியாக. எல்லாப் படத்திலும் யாராவது இருக்கிறார்கள், ஒன்றில்கூட நான் இல்லை. அபிஷேகத் தண்ணீர் வெளியேறுகிற கோமுகத்தின் அடைப்பை எடுத்தது நான். வாடிய பூவும் விபூதிச் சேறும் நொதித்துக் கிடந்ததை முழங்கை வரை விட்டு அள்ளியது நான். படத்தில் கோமுகத்துக்குப் பக்கத்தில் வேறொருத்தி சிரிக்கிறாள். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்று மணிக் கணக்கு சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சாருக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, கேட்காமலே திருப்புகலூர்க் கதையைச் சொன்னார். அங்கே அப்பர் உழவாரம் செய்யும்போது பருக்கைக் கற்களோடு பொன்னும் மணியும் கிடந்து மின்னினவாம். அவர் கல்லை அள்ளிய அதே படையால் அவற்றையும் அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்கிறது பெரியபுராணம்.

“குளத்துல போடறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்திருப்பேன் நான்” என்றேன்.

சார் ரொம்ப நேரம் சிரித்தார். எனக்கும் கொஞ்சம் லேசானது.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. கடையில் நிற்க இடமில்லை. இரண்டு நாளாகச் சாப்பாடே நின்றுகொண்டுதான். மாத்திரை போட்டேனா?

நவம்பர் 10, ஞாயிறு

வெள்ளிக்கிழமை அன்னாபிஷேகம் என்பதால் முதல் கோயிலுக்கே, தும்பைக் கோயிலுக்கு, திரும்பப் போனோம். அதிட்டானத்தில், அதாவது கோயில் சுவரின் அடிப்பீடத்தில், யாரோ ஒரு காலத்தில் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுக்க எடுக்க எழுத்து வந்தது. எனக்கு எல்லாம் கோடாகத் தெரிந்தது. பழைய கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை என்பதால் தெரிந்த எழுத்தும் தெரியாததுபோல் இருக்கிறது. சார் மண்டியிட்டு, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, விரலால் தடவித் தடவிப் படித்தார். பாதி சிதைந்துவிட்டது. “தொண்ணூற்றாறு” மட்டும் தெளிவாக இருந்தது.

அவருக்கு அதுவே போதும். சோழர் காலத்தில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரிக்க 96 ஆடு கொடுப்பது வழக்கமாம். ஆட்டை ஏற்றுக்கொண்டவர் தினம் ஓர் உழக்கு (ஒரு சின்ன அளவை) நெய் அளக்க வேண்டும். கிழடு செத்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையக் கூடாது. அதனால் அவற்றுக்கு “சாவா மூவாப் பேராடு” என்று பெயர்.

நான் கணக்குக்காரி. எனக்கு அந்த இடத்திலேயே உடம்பு சிலிர்த்தது. என்றைக்கு ஸ்டாக் எடுத்தாலும் கையிருப்பு 96! கடன் முடிவதே இல்லை, ஆனாலும் ஒரு நாளைக்கு ஓர் உழக்குதான். நாளைய உழக்கை இன்றைக்கே யாரும் கேட்கப் போவதில்லை. என் மூன்று மணிக் கணக்கில் அடுத்த வருஷத்து நெய்யெல்லாம் சேர்ந்து அல்லவா வருகிறது.

நவம்பர் 15, வெள்ளி

அரை நாள் லீவு போட்டு அன்னாபிஷேகத்துக்குப் போனேன். லிங்கம் முழுக்க வெள்ளைச் சோறு, உச்சியில் கொஞ்சம் தும்பை. எங்கிருந்து பறித்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாணத்தின் மேல், அதாவது லிங்கத்தின் மேல்பாகத்தில், சாத்திய சோற்றை ஆற்றில் கரைத்துவிட்டு மீதியை எல்லாருக்கும் கொடுத்தார்கள். தயிர் விட்டுப் பிசைந்த சோறு. ரெண்டு தரம் வாங்கினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

புயல் நேற்று ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. வாரம் பூரா இங்கே மழை. பணி கிடையாது என்று குழுவில் போட்டுவிட்டார்கள். குருக்கள் பிரகாரத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எல்லாம் பச்சை. நான் கிழங்கு பொறுக்கிய இடத்தில்தான் கோரை மற்ற இடத்தைவிடச் செழிப்பாக இருக்கிறது. மண்ணைக் கிளறிவிட்டேன் அல்லவா.

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்புத்தான் வந்தது.

டிசம்பர் 17, செவ்வாய்

மார்கழி இரண்டு. இப்போதும் மூன்றரை, நாலுக்கு விழிப்பு வருகிறது. ரத்த அழுத்த மாத்திரையும் தொடர்கிறது. ஏதோ கரைந்துபோய்விட்டதென்று எழுதினால் பொய். மாறியது ஒன்றுதான். விழித்தால் புரளாமல் எழுந்துவிடுகிறேன். வாசலைப் பெருக்கி, தெளித்து, புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம். அப்புறம் சாமி அறை விளக்கின் நேற்றைய கரியைத் துடைத்து, திரியை மாற்றி, எண்ணெய் விடுகிறேன். மொத்தம் அரை மணி. கணக்கு நடுவில் வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். கையில் துடைப்பம் இருக்கும்போது அதற்கு உட்கார இடம் கிடைப்பதில்லை.

எதிர்வீட்டு அக்கா, “என்ன, இந்த மார்கழிக்குப் பெரிய பக்தை ஆயிட்டே?” என்கிறார். தூக்கம் வரலைக்கா என்றேன். நம்பவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

தும்பைக் கோயில். கல்லூரிப் பையன்கள் நாலு பேர் புதிதாக வந்திருந்தார்கள். நந்திக்குப் பின்னால் இடம் ஒதுக்கியது அதில் ஒருவனுக்கு. நான் மதிலோரம் நாயுருவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தற்செயலாகத் திரும்பினால் அவன் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்திருக்கிறான். மழைக்கு முளைத்த தும்பை, உச்சியில் நாலைந்து வெள்ளைப் பூ.

“டேய், அதை விடு!”

பிரதட்சிணம் வந்துகொண்டிருந்த தாத்தா பயந்துபோய் நின்றுவிட்டார். பையன் கையை உதறினான். உள்ளே மணி அடித்துக்கொண்டிருந்த குருக்களின் கை ஒரு நொடி நின்றது, அப்புறம் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

நாலு செங்கல்லை எடுத்து வந்து செடியைச் சுற்றி வைத்தோம், நானும் அந்தப் பையனும். வீட்டுக்கு வந்து சேலையில் ஒட்டிய நாயுருவி முள்ளைப் பொறுக்கவே அரை மணி ஆனது. இன்னும் முந்தானைப் பக்கம் பாக்கி இருக்கிறது.