கிளிமூக்கு வாங்கியது முதல் கண்காட்சிக் கூண்டு வரை: பட்டவன் சொல்கிறேன்

கோழிக் கண்காட்சி முடிந்து சேவலோடு வீடு திரும்பியாயிற்று. கோபம் இன்னும் முழுசாக அடங்கவில்லை, சந்தோஷமும் கூடவே இருக்கிறது. கொல்லையில் நாலைந்து கோழி வைத்துக்கொண்டு, அடுத்த தை மாதத்துக்குள் ஒரு கிளிமூக்கு விசிறிவால் சேவலை (கிளி போல மூக்கு வளைந்து, வால் நீண்டு தொங்கும் நாட்டுக்கோழி இனம்) கண்காட்சியில் நிறுத்திவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கம்பு, சோளம் எவ்வளவு போடுவது, எப்போது அடை வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் வலி, வாங்கும் இடத்தில். நல்ல கிளிமூக்குச் சேவல்களுக்கு லட்சக்கணக்கில் விலை பேசுகிறார்கள் என்று செய்தி வர வர, போட்டோ காட்டி விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். எனக்கு வந்த போட்டோவில் தகப்பன் சேவலின் வால் தரையில் புரண்டது, மூக்கு கிளிக்கு இருப்பது போலவே வளைந்திருந்தது. முன்பணம் அனுப்பினேன், அட்டைப்பெட்டியில் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. மூன்று மாதத்தில் அவற்றில் இரண்டுக்குக் கத்திப்பூ எழும்பியது.

கத்திப்பூ என்றால் ஊர்க்கோழிக்கு இருப்பது போல ஒற்றை வரிசையில் பல் பல்லாக நிற்கும் கொண்டை. கிளிமூக்குக்கு இருக்க வேண்டியது தலையோடு ஒட்டிய சிறிய மத்திப்பூ. மத்திப்பூவைத் தரும் மரபணு கத்திப்பூவை அமுக்கிவிடும். அதனால் கலப்பு ரத்தம் உள்ள கோழிக்கும் பார்வைக்கு மத்திப்பூதான் தெரியும். அப்படிக் கலப்புள்ள இரண்டு சேர்ந்தால்தான் குஞ்சுகளில் சிலவற்றுக்குக் கத்திப்பூ வரும். அதாவது தாய், தகப்பன் இரண்டிலுமே ஊர்க்கோழி ரத்தம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அந்தக் குஞ்சுகளே சாட்சி. விற்றவரைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். "உங்க தீவனம் சரியில்லை, அதான் பூ அப்படி வந்திருக்கு" என்றார். தீவனத்தால் கொண்டை வாடலாம், வெளுக்கலாம். ஒரு வகைக் கொண்டை இன்னொரு வகையாக மாறாது. மறுநாள் என் எண்ணைத் தடுத்து வைத்துவிட்டார்.

ஒருநாள் குஞ்சை வாங்கவே வாங்காதீர்கள். அந்த வயதில் மூக்கின் வளைவு தெரியாது, வாலைப் பற்றிப் பேசவே முடியாது. குறைந்தது இரண்டு மாதக் குஞ்சாக இருக்கட்டும். தாயையும் தகப்பனையும் நேரில் பார்க்க வேண்டும், முடிந்தால் அதே ஜோடியின் போன ஈட்டுக் குஞ்சுகளையும் பார்க்க வேண்டும். நாய்க்கு, குதிரைக்கு இருப்பது போல இந்தக் கோழிக்கு வம்சாவளிப் பத்திரம் எழுதித் தருகிற வழக்கம் நம் பக்கம் இல்லை. விற்பவரின் வீட்டில் நிற்கிற கோழிகள்தான் பத்திரம். "பண்ணைக்கு வர வேண்டாம், நான் பஸ்ஸில் போட்டு விடுகிறேன்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வழி திறந்தது அய்யலூரில். திண்டுக்கல் மாவட்டத்தில் வியாழக்கிழமை கூடுகிற அந்தச் சந்தை ஆட்டுக்கும் கோழிக்கும் பேர்போனது. விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும், வெயில் ஏறும்போது நல்ல சரக்கு கைமாறிப் போயிருக்கும். நான் வாங்கப் போகவில்லை. யார் கோழியைக் கையில் வாங்கிப் பார்க்கிற விதத்தில் பழக்கம் தெரிகிறது என்று கவனித்துக்கொண்டு நின்றேன். ஒரு பெரியவர் விலையே கேட்காமல் ஒவ்வொரு பெட்டையின் தலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். பேச்சுக் கொடுத்தேன். "தம்பி, சேவலைப் பாத்து மயங்காதீங்க. பெட்டைக்கு மூக்கு கட்டையா இருக்கான்னு பாருங்க, கண்ணு வெள்ளையா இருக்கான்னு பாருங்க. பெட்டை சரியில்லேன்னா அந்த வீட்டுல குஞ்சு எடுக்காதீங்க" என்றார். பிறகு வேடசந்தூர் பக்கம் இருந்த தன் வீட்டுக்கே வரச் சொன்னார். தாய், பாட்டி, இரண்டு தலைமுறைச் சேவல் எல்லாம் ஒரே தோட்டத்தில் நின்றன. ஒரே சாடை. அங்கே எடுத்த செங்கீரி நிறக் குஞ்சுதான் என் சேவல். லட்சமெல்லாம் இல்லை, ஒரு சாதாரண ஆட்டுக்குட்டி விலைதான்.

வளர்த்தது சிரமமில்லை. தடுப்பூசிதான் சிரமம். கோழிகளைக் கொன்றுபோடும் தொற்றுநோயான வெள்ளைக் கழிச்சலுக்கு ஏழாம் நாள் லசோட்டா சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி, இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் மருந்து நூறு டோஸ், இருநூறு டோஸ் குப்பியாகத்தான் வருகிறது. கரைத்துவிட்டால் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவன் மீதியை என்ன செய்வான்? நான் எங்கள் தெருவில் கோழி வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் முதல் நாளே சொல்லிவிட்டு, தெர்மாஸ் குடுவையில் ஐஸ் போட்டு மருந்தை வாங்கி வந்து, ஒரே மாலையில் எல்லா வீட்டுக் குஞ்சுக்கும் கண்ணில் சொட்டு விட்டேன். செலவும் பங்காயிற்று. பக்கத்து வீட்டில் கழிச்சல் கிளம்பினால் நம் கோழிக்கு வர எத்தனை நேரம் ஆகும்? அதற்காகவே இதைச் செய்யலாம். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற இலவச முகாமையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது வால். மழைக்காலத்தை ஒட்டிச் சேவல் இறகு உதிர்க்கும். புது வால் இறகு முளைத்து முழு நீளத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். முளைக்கும்போது தண்டுக்குள் ரத்தம் ஓடும், அந்த நேரம் அடிபட்டால் வலியும் அதிகம், இறகும் கெடும். வளர்ந்து முடிந்த இறகு நடுவில் முறிந்தால் அடுத்த உதிர்ப்பு வரை அப்படியேதான் நிற்கும், ஒட்டி வளராது. அதனால் தையில் கண்காட்சி என்றால் ஐப்பசியிலிருந்தே சேவலைத் தனியாக வையுங்கள். கூட இருக்கிற பெட்டை முளைக்கிற இறகைக் கொத்தும். ஏறி உட்காருகிற கட்டை, வால் தரையில் உரசாத உயரத்தில் இருக்கட்டும், பின்னால் சுவரும் தள்ளி இருக்கட்டும். கீழே ஆற்று மணல் பரப்புங்கள். இறகு என்பதே புரதம்தான், ஆகவே இந்த மாதங்களில் கருவாடு, அவித்த முட்டை, கரையான் இவற்றைக் கூட்டிக் கொடுங்கள்.

இப்போது அந்தச் சான்றிதழ் விவகாரத்துக்கு வருகிறேன். கண்காட்சி நோட்டீஸில் தேதி, இடம், நுழைவுக் கட்டணம், பரிசு விவரம் எல்லாம் இருந்தது. கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்று வேண்டும் என்று ஒரு வரி கூட இல்லை. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்னால் உறுதி செய்யப் போன் போட்டபோதுதான், "டாக்டர் சர்டிபிகேட் இல்லாம உள்ள விடமாட்டோம், கேரளாவுல பறவைக் காய்ச்சல் ஓடுது" என்றார்கள். கேட்டது நியாயம்தான். கேரளத்துக் குட்டநாட்டில் வாத்துகளுக்கு வந்தால் இங்கே எல்லையில் சோதனை போடுவார்கள், நூற்றுக்கணக்கான கோழி ஓரிடத்தில் சேருகிற நிகழ்ச்சியில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் அதை நோட்டீஸில் அச்சடித்திருக்க வேண்டாமா? வெளியூரிலிருந்து இரவெல்லாம் பயணம் செய்து வந்த ஒரு குடும்பத்தை அன்று காலை வாசலில் நிறுத்தி வைத்ததைப் பார்த்தேன். சின்னப் பையன் கூண்டைக் கட்டிக்கொண்டு அழுதான்.

சான்றுக்காகக் கால்நடை மருந்தகத்துக்குப் போனால், முன்னால் உட்கார்ந்திருந்தவர் சேவலைப் பார்த்ததுமே, "சண்டைக்குக் கொண்டுபோறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "ஆடு, மாட்டுக்குத்தான் சான்றிதழ். கோழிக்கெல்லாம் படிவம் கிடையாது" என்றார். டாக்டர் முகாமுக்குப் போய்விட்டார், எப்போது வருவார் என்பதும் தெரியாது. வெயிலில் கூடையோடு நின்று திரும்பினேன். மறுபடி போனபோது வெறுங்கையோடு போகவில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நானே மனு எழுதினேன்: என் பெயர், முகவரி, சேவலின் நிறம், வயது, காலில் போட்ட வளையத்தின் எண், தடுப்பூசி போட்ட தேதிகள், எந்த ஊரில் என்றைக்குக் கண்காட்சி. கீழே "மேற்படி பறவையைப் பரிசோதித்ததில் தொற்றுநோய் அறிகுறி இல்லை" என்று எழுதி, கையெழுத்துக்கும் முத்திரைக்கும் இடம் விட்டேன். நோட்டீஸின் நகலையும் சேவலின் போட்டோவையும் பின் செய்தேன். நேராக டாக்டர் அம்மாவிடம் நீட்டினேன். அவர் சேவலின் கண், மூக்கு, மலத்துவாரம், கால் செதில் எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். படிவம் இல்லை என்றவர் முத்திரையை எடுத்துக் கொடுத்தார். அந்த நிமிடம் பரிசு வாங்கியதை விடப் பெரிசாக இருந்தது எனக்கு.

காலில் வளையம் போடாதவர்கள் இன்றே போடுங்கள். எண் இல்லாத கோழிக்குச் சான்று எழுதினால் அது எந்தக் கோழிக்கு என்று யாராலும் சொல்ல முடியாது.

பயணத்துக்குப் பஸ்ஸை நம்ப வேண்டாம். சேவல் என்றதும் ஏற்ற மறுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு டாடா ஏஸ் பிடித்தோம். வாலை மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாகச் சுற்றி, வால் நீளத்துக்கும் மேலாக இடம் இருக்கிற அட்டைப்பெட்டியில் காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு வைத்தேன். பஞ்சாரக் கூடையில் கொண்டு வந்த நண்பரின் சேவலுக்கு நீள இறகு ஒன்று மூங்கிலில் சிக்கி முறிந்துவிட்டது, பாவம், ஒரு வருட உழைப்பு.

வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பொங்கல் நேரத்தில் சேவலோடு போனால் நிறுத்தத்தான் செய்வார்கள். 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி சேவல் சண்டை நடத்துவது குற்றம், காவலர்கள் தேடுவது சண்டைச் சேவலின் காலில் கட்டுகிற கத்தியை. ஆனால் நாங்கள் எடுத்துச் சொல்லியும் கேட்காமல், எல்லாப் பெட்டியையும் இறக்கச் சொல்லி, வண்டியை வெயிலில் நிறுத்தி வைத்ததில் கோழிகள் இரைக்க ஆரம்பித்துவிட்டன. டாக்டர் கையெழுத்திட்ட தாளும் நோட்டீஸும் அங்கேதான் காப்பாற்றின. அவற்றைப் பையின் அடியில் வைக்காதீர்கள், சட்டைப்பையில் வையுங்கள். தண்ணீர்க் கேனும் முன்சீட்டிலேயே இருக்கட்டும்.

அரங்கில் பதிவு செய்யும் மேஜையில் என் நாலரைக் கிலோ சேவலைப் பட்டா பிரிவில் எழுதிவிட்டார்கள். ஒரு வயது கூட நிரம்பாத இளஞ்சேவல்களுக்கான பிரிவு அது. அங்கே நிறுத்தினால் நடுவர் பார்த்தவுடன் தள்ளிவிடுவார். "எழுதியாச்சு, மாத்த முடியாது" என்று அந்தத் தம்பி சொன்னான். நான் வரிசையை விட்டு நகரவில்லை. சான்றில் வயது எழுதியிருந்ததைக் காட்டினேன், பின்னால் நின்றவர்களும் எனக்காகப் பேசினார்கள். கடைசியில் வேறொருவர் வந்து அடித்துத் திருத்தினார். சீட்டு கையில் வந்ததும் பிரிவையும் கூண்டு எண்ணையும் அங்கேயே படித்துப் பாருங்கள், கூட்டம் சேர்ந்த பிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.

நடுவர்கள் மூக்கு, கண், பூ, தாடி, கழுத்து, வால், கால் விரல், நிற்கிற நிமிர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அன்னியர் கை பட்டால் மிரளாத சேவலுக்குத் தனி அனுகூலம் உண்டு. நான் தினமும் மாலையில் தெருப்பிள்ளைகளிடம் கொடுத்துத் தூக்கிப் பழக்கியிருந்தேன், நடுவர் தூக்கியபோது என் செங்கீரி சிறகு கூட அடிக்கவில்லை. மூன்றாம் பரிசு. வால் இன்னும் ஒரு உதிர்ப்புக்குப் பிறகு நன்றாக நிறையும் என்று ஒரு நடுவர் சொன்னார். வேடசந்தூர்ப் பெரியவருக்குப் போன் போட்டபோது சந்தோஷத்தில் அவரால் பேசவே முடியவில்லை.

சேவல் இப்போது மற்ற கோழிகளிடமிருந்து தள்ளி, தோட்டத்து மூலையில் தனிக் கூண்டில் நிற்கிறது. ஊர்ப்பட்ட கோழிகளோடு ஒருநாள் பொழுது இருந்து வந்ததால் மூன்று வாரம் தனியாகத்தான் வைக்கப் போகிறேன். தீவனக் கிண்ணமும் வேறு, கடைசியாகத்தான் அதற்குத் தீவனம் வைக்கப் போகிறேன், கை கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருகிறேன். சளி, கழிச்சல் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு பெட்டையோடு சேர்ப்பேன். குஞ்சு கேட்டு இப்போதே சிலர் போன் செய்கிறார்கள். தாயையும் தகப்பனையும் நேரில் வந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.