101 பஸ்ஸில் ஏறினால் கெராச்சூட் ஏரி

மலேசியாவின் பினாங்குத் தீவில் ஏரி என்றால் பாதிப் பேர் ஆயர் ஈத்தாம் அணையைத்தான் சொல்வார்கள். தீவின் வடமேற்கு மூலையில், தேசியப் பூங்காவுக்குள், பந்தாய் கெராச்சூட் கடற்கரையை ஒட்டி இன்னொன்று இருக்கிறது. அங்கே போகக் கார் வேண்டாம், 101 பஸ் போதும். மாதம் மட்டும் பார்த்துப் போக வேண்டும்.

ஜார்ஜ் டவுன் நகரின் வெல்ட் கீ ஜெட்டியில் (படகுத்துறையில்) கிளம்பும் 101, கொம்தார் கோபுரம், தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி ஊர்கள் வழியாகத் தெலுக் பகாங் போய்ச் சேரும். தேசியப் பூங்காவின் வாசல் அங்கேதான். கொம்தாரில் ஏறினால் நின்றுகொண்டே போக வேண்டிவரும். ஜெட்டியிலேயே ஏறி வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். டிரைவர் மீதி தரமாட்டார், ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளும் சில்லறையும் கையில் இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனி, ஞாயிறு என்றால் பத்து பெரிங்கி நெரிசல் இன்னும் இழுத்துவிடும். லிட்டில் இந்தியா ஜெட்டிக்குப் பக்கம்தானே, அங்கேயே பசியாறிவிட்டு மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளலாம். கெராச்சூட்டில் கடை கிடையாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். ஒன்றரை லிட்டர் போதும் என்பவர்கள் பினாங்கு வெயிலில் ஏற்றம் ஏறிப் பார்க்காதவர்கள்.

பூங்கா வாசலில் பெயரையும் ஐசி (அடையாள அட்டை) எண்ணையும் எழுதிவிட்டு, எந்தப் பாதையில் போகிறீர்கள் என்றும் சொல்ல வேண்டும். முதல் அரைக் கிலோமீட்டர் கடலோரச் சமதளம். பிறகு பாதை பிரியும். நேரே கரையோரமாகப் போனால் குரங்குக் கடற்கரை, அதற்கும் அப்பால் 1883இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம். இடப்பக்கம் மேடேறுவதுதான் நம் பாதை. மொத்தம் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். முதல் பாதி ஏற்றம், மறு பாதி இறக்கம். மழை பெய்த மறுநாள் இறக்கம்தான் ஆபத்து: செம்மண்ணில் வேர்கள் படிக்கட்டு மாதிரி குறுக்கே ஓடும், ஈர வேரின் மேல் கால் வைத்தால் சறுக்கும். வேருக்கு இடையில் உள்ள மண்ணில் மிதியுங்கள். செருப்பு உதவாது.

இறங்கி முடிந்ததும் நடைபாலம், பாலத்துக்குக் கீழே ஏரி. மலையிலிருந்து ஓடைத் தண்ணீர் வருகிறது. கடல் பொங்கும்போது மணல் திட்டைத் தாண்டி உப்புத் தண்ணீரும் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. நல்ல தண்ணீர் மேலே, உப்புத் தண்ணீர் அடியில். அடித்தண்ணீர்தான் வெதுவெதுப்பு, மேல் தண்ணீர் குளிர்ச்சி. சூடான தண்ணீர் மேலே வரும் என்றுதானே படித்திருக்கிறோம்? இங்கே உப்பின் கனம் சூட்டை ஜெயித்துவிடுகிறது. கரையில் நின்று பார்த்தால் இந்த அடுக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சாதாரணக் குட்டைதானே என்று தோன்றும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் போனால் பல சமயம் அந்தக் குட்டைகூட இருக்காது, சேறும் புல்லும்தான். மழை கூடும் ஏப்ரல், மே அல்லது அக்டோபர், நவம்பரில் போங்கள்.

கடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் இறங்காதீர்கள். ஜெல்லிமீன் உண்டு, நீரோட்டமும் இழுக்கும். கரையில் மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகம் இருக்கிறது, குஞ்சுகளைத் தொட்டியில் பார்க்கலாம். பச்சை ஆமைகள் முட்டையிட வரும் கரை இது. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிளாஸ்டிக் பையில் கொண்டுபோகாதீர்கள். அந்தச் சரசரப்பு கேட்டதும் குரங்குகள் வந்துவிடும். மரத்தின் மேலே, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு தெரிந்தால் அது இலை தின்னி, உங்கள் புளிசாதம் அதற்கு வேண்டாம்.

மூன்று மணிக்குள் திரும்பி ஏறத் தொடங்குங்கள். ஏழு மணி வரை வெளிச்சம் இருந்தாலும் காட்டுக்குள் அதற்கு முன்பே மங்கிவிடும், போனுக்கும் எல்லா இடத்திலும் லைன் கிடைக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் நடந்து போய்ப் படகில் திரும்பலாம். ஆள் கணக்கில்லை, படகுக்குத்தான் வாடகை. காலையிலேயே பூங்கா வாசலில் பேசி முடித்துவிடுங்கள். அலை அதிகமாக இருந்தால் படகு வராது, அதனால் திரும்பி நடக்கவும் தெம்பு வைத்திருங்கள்.

மாற்றுச் சட்டை ஒன்று அவசியம். 101இன் ஏர்கண்டிஷனில் வியர்வை ஈரத்தோடு ஜெட்டி வரை உட்கார முடியாது.