முடவன் முழுக்குக்கு ஒரு பித்தளைச் சொம்பு

கார்த்திகை முதல் தேதி, விடியற்காலை. கும்பகோணத்தில் மாயவரம் ரயில் ஏறினோம். மயிலாடுதுறை என்று 1982-லேயே பேர் மாற்றிவிட்டார்கள்; எங்கள் வீட்டில் இன்னும் மாயவரம்தான். துணிப்பைக்குள் ஒரு பித்தளைச் சொம்பு. தாத்தா இல்லாமல் போகிற முதல் முழுக்கு இது.

ஐப்பசி மாதம் முழுக்க அங்கே காவேரியில் துலா ஸ்நானம் என்கிற புண்ணிய நீராடல், கடைசி நாளில் கடைமுகம் என்று ஊரே கூடி ஓய்ந்த மறுநாள்தான் நாங்கள் போவோம். காரணம் வியாபாரம். தாத்தாவுக்குக் கும்பகோணத்தில் பாத்திரக் கடை. ஐப்பசியில் தீபாவளி, முகூர்த்தம் என்று கல்லாவை விட்டு நகர முடியாது. முடவன் முழுக்குக் கதையை ரயிலில் வருஷா வருஷம் சொல்வார். நடக்க முடியாத ஒருவன் துலா ஸ்நானத்துக்குப் புறப்பட்டான். தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவன் அழ, இன்று முழுகினாலும் அதே புண்ணியம் உண்டு என்றாராம் சுவாமி. "நானும் கல்லாவுல மாட்டிக்கிட்ட முடவன்தான்டா" என்று முடிப்பார்.

எழுபது வயதில் கடைச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டார். இனி கடைமுகத்துக்கே போகலாமே என்று கேட்டேன். "இத்தனை வருஷமா நமக்குக் கடன் கொடுத்த நாளு இது. இப்ப கையில காசு வந்துடுச்சுன்னு ரொக்கக் கடைக்கு ஓடச் சொல்றியா?" என்றார். அப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஓய்வு என்று பேர்தான். காலையில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார். சாயங்காலம் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவார். கல்லாப் பக்கம் மட்டும் போகமாட்டார். யாராவது குடம் வாங்கினால் விரலை மடக்கி ஒரு தட்டு. சத்தம் பிசிறடித்தால், "வேற எடுங்கம்மா, இதுல எங்கேயோ ஒட்டு விட்டிருக்கு." சித்தப்பாவுக்கு முகம் கடுத்துப் போகும்.

ஆடுதுறை, குத்தாலம் தாண்டும்வரை இரண்டு பக்கமும் சம்பா வயல்கள், தண்ணீர் கட்டி நின்றன. துலாக்கட்டத்தில் முந்தின நாள் கூட்டம் விட்டுப்போன மாலைகள் படித்துறையில் நசுங்கிக் கிடந்தன. ஆற்றுக்கு நடுவே மண்டபத்தில் நந்தி. தண்ணீர் இடுப்பளவு. நதி வறண்ட ஒரு வருஷம், மோட்டார் போட்டு இறைத்த தண்ணீரில் எங்களைக் குளிப்பாட்டிவிட்டு, "இதுவும் காவேரி அடியில ஓடினதுதான்" என்றார் தாத்தா. தலைக்கு மூன்று சொம்பு ஊற்றுவார். நாலாவது கேட்டால், "எடை சரியா இருக்கணும்." இந்த முறை என் மகள் தலையில் நான் ஊற்றினேன். அவளும் நாலாவது கேட்டாள். ஊற்றிவிட்டேன்.

அம்பாள் மயிலாக வந்து பூசித்த தலம் என்பதால் சுவாமிக்கு மயூரநாதர் என்று பேர். அபயாம்பிகையைத் தரிசித்துவிட்டு அனவித்யாம்பிகையிடம் வந்தோம். சிவபக்தர் நாதசர்மாவின் மனைவி இவள். சிவனோடு கலந்தவள் என்பதால் லிங்க வடிவம், ஆனால் சாத்துவது புடவை. இப்படி ஒரு கோலத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பாட்டி போன வருஷத்திலிருந்து தாத்தா இங்கேதான் அதிக நேரம் நிற்பார். நாங்கள் பிராகாரத்தைச் சுற்றிவிட்டு வந்தாலும் அதே இடத்தில் நிற்பார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்டதில்லை.

திரும்பும் ரயிலில் மகள் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு விளிம்புக்குக் கீழே இருந்த எழுத்துகளைத் தடவிக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளைகள் ஐந்து பேரின் பேரையும் தாத்தாவே உளி பிடித்து வெட்டியது. கடையில் பேர் வெட்ட ஆள் உண்டு. இதை மட்டும் அந்த ஆளிடம் கொடுக்கவில்லை. கை நடுங்கியது எழுத்தில் தெரியும்.

"அப்பா, உங்க பேர்ல கடைசி எழுத்துக்குப் புள்ளி இல்லையே?"

"கேட்டேன்மா. அடுத்த கார்த்திகைக்கு வெச்சுத் தர்றேன்னார்."