பிளக்கைத் தொட்டுப் பாருங்கள்

யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டே இருக்கும்போது கை தன்னால் பிளக் பாயின்ட் பக்கம் போய்விடும். ஹீட்டரோ அயர்ன் பாக்ஸோ கொஞ்ச நேரமாக ஓடிக்கொண்டிருந்தால் அந்த பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். லேசான வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் அந்த வீட்டில் தீ ஏற்கனவே ஆரம்பித்துவிட்டது, புகை வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்தைக் கவனித்துவிட்டு அலுவலகத்தில் என்னைத் தீ பாதுகாப்புக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். குழு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மஞ்சள் மேல்சட்டை, ஒரு விசில், அவ்வப்போது கட்டடத்தைச் சுற்றிவந்து ஒரு படிவத்தில் டிக் போடும் வேலை. அப்படிச் சுற்றிவந்ததில் ஒன்று புரிந்தது. தீ என்றாலே எல்லோர் கண்ணும் சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு தீயணைப்பு சிலிண்டரிடம்தான் போகிறது. வாங்கி மாட்டியாச்சு, கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். என் கணக்கில் அது கடைசி வேலை. எங்கே எது சூடாகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை, அடுத்தது வெளியே போகும் வழி.

பிளக் ஏன் சூடாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. 2000 வாட் ஹீட்டர் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பிளக்கின் பின்னை சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடு இறுக்கமாகக் கவ்விக்கொண்டிருக்கும் வரை அந்த இடத்தில் தடை என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. வருடக்கணக்கில் செருகி எடுத்து, தகடு விரிந்து, அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வருவதுதான் வெப்பம், அதாவது சுமார் 38 வாட். கட்டைவிரல் அளவு இடத்துக்குள் ஒரு சால்டரிங் அயர்னை வைத்து மூடிய மாதிரி. சூடு ஏற ஏறத் தகட்டின் மேல் ஆக்சைடு படிகிறது, அதனால் தடை கூடுகிறது, தடை கூடினால் சூடும் கூடுகிறது. இவ்வளவும் நடக்கும்போது ஹீட்டர் வழக்கம்போலத் தண்ணீரைச் சுட வைத்துக்கொண்டுதான் இருக்கும், அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலின் பிளக்கை ஒரு நாள் உருவிப் பார்த்தேன். மூன்று பின்களில் ஒன்று மட்டும் பளபளப்பு போய்க் கருத்திருந்தது. அதன் அடியில் பிளாஸ்டிக் இளகி, மறுபடி இறுகி, லேசாகப் புடைத்து நின்றது. சாக்கெட்டில் அந்த ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பாக ஒரு வளையம். மற்ற இரண்டு துளைகளும் புதிதுபோல இருந்தன. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டால் "அது எப்பவும் அப்படித்தான் சார் இருக்கும்" என்றார். அங்கே அவ்வப்போது ஏதோ கெட்டுப்போன மீன் வாடை அடிக்கிறது என்று சிலர் புகார் சொல்லி, குப்பைத் தொட்டியை மாற்றியும் ஆகியிருந்தது. சில வகை பிளாஸ்டிக் சூடேறும்போது அந்த வாடைதான் வரும். வீட்டில் மீனே இல்லாதபோது மீன் வாடை வந்தால் முதலில் சுவிட்ச் போர்டுகளை மோந்து பாருங்கள். அப்புறம் இன்னொன்று: இப்படிக் கருகிவிட்டால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

"எங்கள் வீட்டில் எம்சிபி இருக்கிறது, ஒன்றும் ஆகாது" என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எம்சிபி என்பது போர்டில் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கிற சுவிட்ச், அது பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும்தான். அளவுக்கு மேல் போனால் விழும். மின்சாரம் கசிந்தால் விழுகிற இன்னொரு சுவிட்சான ஆர்சிசிபி பார்ப்பது போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்பதை. வீடுகளில் பொதுவாக 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தால் விழும்படி போடுவார்கள். மேலே சொன்ன லூஸ் கனெக்‌ஷனில் மின்னோட்டம் கூடவும் இல்லை, எங்கேயும் கசியவும் இல்லை. ஆகவே இரண்டுமே சும்மா இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வரும் பொறியைக் கண்டுபிடிக்கவே தனிக் கருவி வந்துவிட்டது, ஆனால் அதை நான் அதிக வீடுகளில் பார்த்ததில்லை. கைதான் இப்போதைக்கு நல்ல கருவி.

எம்சிபி பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்று உண்டு. அடிக்கடி விழுகிறது, தொந்தரவாக இருக்கிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டுவிடுவார்கள், வயர் மட்டும் பழைய வயர்தான். எம்சிபி இருப்பது உங்கள் ஃபிரிட்ஜைக் காப்பாற்ற இல்லை, சுவருக்குள் போகிற வயரைக் காப்பாற்ற. பெரிதாக மாற்றிவிட்டால் அளவுக்கு மீறின மின்னோட்டத்தில் முதலில் எரிவது வயராகத்தான் இருக்கும், அதுவும் நீங்கள் பார்க்க முடியாத இடத்தில்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் ஒன்றில் இன்னொன்றைச் செருகுகிறோம். கம்ப்யூட்டர், போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்தாலும் பெரிய சுமை இல்லை. சூடாக்குகிற சாதனம் எதுவானாலும் அதைச் சுவரில் நேராகச் செருகுங்கள், இந்த ஒன்றைச் செய்தாலே போதும். சுருட்டி வைக்கும் ரீல் வகை வயரை உபயோகித்தால் முழுவதும் அவிழ்த்துவிட்டு உபயோகியுங்கள், சுருண்ட நிலையில் உள்ளே இருக்கும் சுற்றுகளுக்குச் சூடு வெளியேற வழியே கிடையாது. தரைவிரிப்புக்கு அடியில் வயரை ஓட்டுவதும் இதே கதைதான்.

சரி, சமையலறை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு "ஒரே நிமிஷம்" என்று போனை எடுத்துக்கொண்டு போவதுதான் அங்கே தீக்கு முக்கியக் காரணம். சமையல் எண்ணெய் பலவும் 200 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போகும்போது புகைய ஆரம்பிக்கும். 350 டிகிரியை ஒட்டி வந்துவிட்டால் தீக்குச்சியே தேவையில்லை, தானாகப் பற்றிக்கொள்ளும். நடுவில் இருக்கிற அந்த நூற்றைம்பது டிகிரி உங்களுக்குக் கொடுத்த அவகாசம். பக்கத்தில் நிற்கிற ஆள் அடுப்பை அணைத்துவிடுவார், அடுத்த அறையில் இருக்கிற ஆளுக்குத் தெரியாது.

பற்றிக்கொண்டது என்றால் தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது, இதைச் சிறு பிள்ளைகளுக்கும் சொல்லி வைக்கலாம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் போய் இறங்கும். இறங்கின மாத்திரத்தில் ஆவியாகி சுமார் 1700 மடங்கு விரியும். விரிகிற ஆவி எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் தூக்கி அடிக்கும். வாணலியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவதும் அதே அளவு ஆபத்து. அடுப்பை அணைக்க முடிந்தால் அணையுங்கள், ஒரு மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள், அப்புறம் ஆறும்வரை திறக்காதீர்கள். அணைந்துவிட்டதா என்று திறந்து பார்த்தால் காற்று பட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும்.

எரிவாயு வாடை வந்தால் முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போடவும் கூடாது, எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு. வாடை போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும் அதே ஆபத்துதான். சிலிண்டரில் வருகிற எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படிந்து அடுத்த அறைக்கும் போகும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றுவதற்குப் போதும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்துதான் போன். குழாய் வழியாக வருகிற இயற்கை எரிவாயு இதற்கு நேர்மாறாக லேசானது, மேலே போய்ச் சேரும். ஆனால் செய்ய வேண்டியதில் மாற்றம் இல்லை.

லித்தியம் பேட்டரிக்கு ஒரே வரி: உப்பின பேட்டரியை உபயோகிக்காதீர்கள், அதற்கென்று வந்த சார்ஜரையே போடுங்கள், மெத்தை மேலும் வாசல் வழியிலும் வைத்து சார்ஜ் செய்யாதீர்கள். மின்சார ஸ்கூட்டரை வாசற்கதவை ஒட்டி நிறுத்தி ராத்திரி முழுக்க சார்ஜில் விடுகிறார்கள். அது பற்றிக்கொண்டால் எந்த வழியாக வெளியே வருவீர்கள்?

வேலை செய்யும் இடத்துக்கு வருவோம். தொழிற்சாலை என்றால் யாரும் பயப்படாத ஒன்றைச் சொல்கிறேன், தூசி. 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் இறந்தார்கள். வெடித்தது சர்க்கரைத் தூள். மாவு, மரத்தூள், சில உலோகத் தூள்கள் எல்லாம் அப்படித்தான், குவியலாகக் கிடந்தால் மெதுவாக எரியும், காற்றில் மிதந்தால் வெடிக்கும். உத்தரங்களின் மேல், விளக்குகளின் மேல், கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் படிந்திருப்பது முதல் சிறு வெடிப்பில் உதிர்ந்து இரண்டாவது பெரிய வெடிப்புக்குத் தீனியாகிறது. பெருக்குவது சுத்தத்துக்காக மட்டும் இல்லை.

வெல்டிங் நடக்கிற இடத்தில் சுற்றி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, வேலை முடிந்த பிறகும் ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும். வெல்டர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகுதான், தரை இடுக்கில் விழுந்த பொறி மெல்ல வேலையைக் காட்டும்.

எனக்கு அதிகச் சண்டை வருவது கதவு விஷயத்தில். 1911 மார்ச் 25, நியூயார்க், டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை. எட்டாவது மாடியில் வெட்டு மேசைக்குக் கீழே இருந்த துணிக் கழிவுத் தொட்டியில் தீப்பிடித்தது. எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்கு போன் போனது, நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. அங்கே படிக்கட்டுக் கதவு ஒன்று பூட்டியிருந்தது. தொழிலாளர்கள் துணி திருடிக்கொண்டு போய்விடாமல், எல்லோரையும் ஒரே வாசலில் நிறுத்திப் பையைச் சோதிப்பதற்காகப் பூட்டு. இறந்தவர்கள் 146 பேர், பெரும்பாலும் இளம் பெண்கள். 1942ல் பாஸ்டனில் கோகோனட் குரோவ் இரவு விடுதியில் 492 பேர். முன்வாசலில் சுழலும் கதவு, அதில் கூட்டம் அடைத்துக்கொண்டது. வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன, சில உள்பக்கமாகத் திறப்பவை, பின்னாலிருந்து கூட்டம் நெருக்கும்போது உள்பக்கமாக எதைத் திறப்பது?

நூறு வருடம் கழித்து இன்றும் அதே பூட்டு, அதே காரணம். எங்கள் கட்டடத்தில் ஒரு படிக்கட்டுக் கதவுக்குச் சங்கிலி போட்டிருந்தார்கள். கேட்டால் "திருட்டுப் போனா யார் பொறுப்பு?" என்று திருப்பிக் கேட்டார் பாதுகாப்பு அதிகாரி. நியாயமான கேள்விதான், அதற்குப் பதிலும் இருக்கிறது. உள்ளேயிருந்து தள்ளினால் உடனே திறக்கும், வெளியேயிருந்து திறக்காது, திறந்தால் சத்தம் போடும், அப்படி ஒரு தள்ளு கம்பி வைத்த கதவு கிடைக்கிறது. நிறைய கடிதம் எழுதிக் கடைசியில் அதைப் போட்டார்கள். அடுத்த முறை போய்ப் பார்த்தால் புகை பரவாமல் தானாக மூட வேண்டிய அந்தக் கதவைக் காற்று வரட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள், முட்டுக் கொடுத்திருந்தது தீயணைப்பான்!

வீட்டுக்கும் இந்தக் கதவு விஷயம் உண்டு. தீ விபத்தில் இறப்பவர்களில் பெரும்பாலோர் தீயில் கருகி இறப்பதில்லை, புகையில் இறக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். தூங்கும்போது மூக்கு எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள், காதுதான் எழுப்பும். கூரையில் ஒரு ஸ்மோக் அலாரம் இருக்கட்டும், மாதம் ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள், பத்து வருடம் ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள். படுக்கையறைக் கதவை மூடிக்கொண்டு தூங்குங்கள், மூடிய சாதாரண மரக்கதவே புகையைச் சில நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். அந்தச் சில நிமிடங்கள் இப்போது ரொம்ப முக்கியம். மரமும் பஞ்சும் இருந்த பழைய காலத்து அறை முழுவதும் பற்றிக்கொள்ள அரை மணி நேரம்வரை ஆகும், இன்றைய ஃபோம் சோஃபாவும் செயற்கைத் துணியும் நிறைந்த அறைக்கு ஐந்து நிமிடம் போதும் என்று சோதனைகளில் எரித்தே காட்டியிருக்கிறார்கள்.

இப்போது அந்தச் சிவப்பு சிலிண்டர். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், தீயைத் தாண்டி எடுக்க வேண்டிவரும். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஆறு கிலோ பவுடர் வகை இருபது நொடிக்குள் காலியாகிவிடும், பலர் இதை நிமிடக்கணக்கில் அடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னை இழுத்து, முதுகு வாசல் பக்கம் இருக்கும்படி நின்று, சுவாலையை அல்ல, அடியைக் குறிபார்த்து அடிக்க வேண்டும். குப்பைத் தொட்டி அளவைத் தாண்டின தீ என்றால் அதை விட்டுவிட்டுக் கிளம்புங்கள், கதவைச் சாத்திக்கொண்டு. மின் சாதனங்களுக்குக் கார்பன் டை ஆக்சைடு வகை நல்லது, ஆனால் சின்ன மூடிய அறையில் அடித்தால் உங்களுக்கும் மூச்சு முட்டும். அதில் அழுத்தமானி இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். பவுடர் வகையில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பாருங்கள், சோதனைக்காக ஒரு நொடி அழுத்திப் பார்த்தால்கூட மறுபடி நிரப்பியே ஆக வேண்டும், வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும்.